சிக் பெர்த் ஸ்டூவர்டின் மூன்று பதக்கம்: விளிம்பிலிருந்து தொடங்குவதா, ரோலிலிருந்து தொடங்குவதா?

விளிம்பெழுத்து:
விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் கடற்படையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட கீழ்நிலை ஆட்களின் பதக்கங்களுக்கென்று தனி உரையாடல் இழை. சர்ஜன்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சர்ஜன் சொன்னதைச் செய்து, கட்டுத்துணி துவைத்து, இரவு முழுக்க விழித்திருந்த சிக் பெர்த் (கப்பலின் நோயறை) அட்டெண்டன்ட், அவனுக்கு மேலே இருந்த சிக் பெர்த் ஸ்டூவர்ட் பற்றி நம் மொழியில் ஒரு பக்கம்கூட இல்லை.

பேச்சுக்கு அடிக்கடி கண்ணில் படும் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒன்று, எகிப்து பதக்கம், பின்பக்கம் 1882 தேதியுடன், "அலெக்ஸாண்ட்ரியா 11 ஜூலை" கிளாஸ்ப் (சண்டையின் பெயருடன் நாடாவின் மேல் வரும் உலோகப் பட்டை; இது பிரிட்டிஷ் கப்பல்கள் அந்த எகிப்துத் துறைமுகத்தைச் சுட்ட நாளுக்கானது), விளிம்பில் பெயர், சிக் பெர்த் அட்டெண்டன்ட் என்பதன் சுருக்கம், கப்பல் பெயர். இரண்டு, 1882 தேதியிட்ட கெடீவ் நட்சத்திரம் (எகிப்தின் ஆட்சியாளரான கெடீவ் கொடுத்தது), பெயர் எதுவும் இல்லை. மூன்று, கடற்படையின் நீண்ட சேவை நன்னடத்தைப் பதக்கம், குறுகிய சஸ்பென்டர் (பதக்கத்தை நாடாவில் தொங்கவிடும் பகுதி), விளிம்பில் அதே பெயர், ஆனால் பதவி சிக் பெர்த் ஸ்டூவர்ட்.

இப்படி ஒரு தொகுதி முன்னால் வந்தால் எதை முதலில் பார்ப்பீர்கள்? ஏன்?

ரோல்பார்ப்பவன்:
பதக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் காகிதம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு வரிசை முக்கியம். ஏ.டி.எம். 188 என்பது 1873 முதலான மாலுமிகளின் சேவைப் பதிவேடு. ஏ.டி.எம். 171 பதக்க ரோல், அதாவது பதக்கம் பெற்றவர்களின் பட்டியல். 1853 முதல் 1872 வரை சேர்ந்தவன் என்றால் ஏ.டி.எம். 139-இல் தேட வேண்டும்.

188-இல் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்த நாள், ஊர், உயரம், கண் நிறம், பச்சை குத்தியது வரை இருக்கும். கீழே கப்பல் கப்பலாக வரிசை: எந்தக் கப்பல், எந்தப் பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நடத்தை எப்படி. கப்பல் பத்தியையும் பதவிப் பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். 1882 ஜூலை 11 அன்று அவன் எந்தக் கப்பலின் கணக்கில் இருந்தான், அன்று அவன் பதவி என்ன என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஒரே வரி பதில் சொல்லும்.

171 கப்பல் வாரியாக அடுக்கப்பட்டது. கப்பல் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதில் இறங்கினால் நாள் போகும். அதனால் 188 முதலில், அங்கே கிடைக்கும் கப்பலோடு 171. எந்தக் கிளாஸ்ப் போனது, பதக்கம் எங்கே அனுப்பப்பட்டது என்பது ரோலில் இருக்கும். ஓடிப்போனவன் என்றால் அதையும் குறித்திருப்பார்கள், அவனுக்குப் பதக்கம் பறிபோகும்.

எண்களையும் கவனியுங்கள். 1894-இல் எண்களைத் தொழில் வாரியாகத் தொகுதி பிரித்தார்கள். 350001 முதல் 352000 வரை நோயறை ஆட்களுக்கும் கப்பல் போலீசுக்கும். 1894-க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அட்டெண்டன்டுக்கு 18 என்று தொடங்கும் ஆறிலக்க எண் இருந்தால் அது மாலுமிகளின் தொகுதி. அவன் வேறு வேலையிலிருந்து மாறி வந்தவனா என்று பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு ஆள் 1894-க்கு முந்தையவன், அவனுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

பழையவெள்ளி:
ஐயா, விளிம்பிலேயே பெயர், பதவி, கப்பல் எல்லாம் இருக்கும்போது இவ்வளவு சுற்று எதற்கு? எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

விளிம்பெழுத்து:
தம்பி, வில்லங்கம் சரியாக அந்த இடத்தில்தான். அலெக்ஸாண்ட்ரியாவில் எட்டு இரும்புக்கவசக் கப்பல்கள்: அலெக்ஸாண்ட்ரா, இன்ஃப்ளெக்ஸிபிள், சுபர்ப், சுல்தான், டெமரேர், இன்வின்சிபிள், மொனார்க், பெனலோப். கூடவே காண்டர், பீக்கன், பிட்டர்ன், சிக்னட், டெகாய் என்று சிறு பீரங்கிப் படகுகள். ஒவ்வொரு பெரிய கப்பலிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள். அதில் நோயறை ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். சாதாரண மாலுமிப் பதக்கம் எளிதாகக் கிடைக்கும், நோயறைப் பதக்கம் கிடைக்காது. விலை வித்தியாசம் முழுக்க விளிம்பில் உள்ள அந்த நாலைந்து எழுத்தில்தான் இருக்கிறது. ஏமாற்றுபவன் கை வைப்பதும் அங்கேதான்.

எப்படிப் பிடிப்பது? பழைய எழுத்தை அழிக்க விளிம்பை அராவ வேண்டும். அராவினால் விட்டம் குறையும். எகிப்து பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். வெர்னியர் காலிப்பரால் குறைந்தது நாலு இடத்தில் அளந்து பாருங்கள்: மேலிருந்து கீழ், பக்கவாட்டு, இரண்டு மூலைவிட்டம். எல்லாமே ஒரே அளவு வந்தால் நல்லது. பதவி எழுதிய இடத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு குறைந்தால், முழுப் பெயரையும் விட்டுவிட்டு பதவியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். முழுக்கப் பெயர் மாற்றிய பதக்கத்தைவிட இதுதான் ஆபத்து. பெயரும் கப்பலும் ரோலோடு பொருந்திப் போகும், பதவி மட்டும் பொய்.

பத்து மடங்கு லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) விளிம்பைச் சாய்த்து, வெளிச்சத்தை ஒரு பக்கமாக விடுங்கள். அராவிய இடத்தில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரியும், விளிம்பின் இரு ஓரமும் மழுங்கி உருண்டிருக்கும். எழுத்துக்குள் இருக்கும் அழுக்கும் பேசும். நூற்றுநாற்பது வருட அழுக்கு பெயரில் கறுத்து உறைந்திருக்க, பதவியில் மட்டும் வெள்ளி பளிச்சென்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ரோல்பார்ப்பவன்:
சுருக்கத்தில் ஏமாறுபவர்களும் உண்டு. "எஸ்.பி. ஸ்டூவர்ட்" நம் ஆள். "ஷிப்ஸ் ஸ்டூவர்ட்" உணவுக் கிடங்குக்காரன், மருத்துவத்தோடு அவனுக்குச் சம்பந்தமில்லை. எழுத்து தேய்ந்த பதக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விற்பவர் தமக்கு வசதியாகப் படித்துக்கொள்வார்.

இன்னொன்று, ஆர்மி ஹாஸ்பிடல் கோர் என்று வந்தால் அது தரைப்படை. 1882 எகிப்தில் தரைப்படை மருத்துவ ஆட்களுக்கு அந்தப் பெயர், 1884-இல் மெடிக்கல் ஸ்டாஃப் கோர் ஆனது, 1898-இல் ராயல் ஆர்மி மெடிக்கல் கோர். கடற்படை நோயறை ஆட்கள் இதில் எதிலும் இல்லை.

நீலவெள்ளை:
கிளாஸ்ப் பக்கம் வருகிறேன். காகிதம் கையில் இல்லாத சந்தையில்கூட, எகிப்து பதக்கத்தில் கண்ணால் பார்த்தே தள்ளிவிடக்கூடியவை நிறைய.

பின்பக்க ஸ்பிங்க்ஸுக்குக் கீழே 1882 என்ற தேதி, அந்த வருடப் போரில் இருந்தவர்களுக்கு மட்டும். 1884 முதல் புதிதாகத் தகுதி பெற்றவர்களுக்குத் தேதி இல்லாத பதக்கம். 1882-இல் ஏற்கெனவே வாங்கியவன் பிறகு சுடானுக்குப் போனால் இரண்டாவது பதக்கம் கிடையாது, கிளாஸ்ப் மட்டும் போகும். ஆகவே தேதியுள்ள பதக்கத்தில் சுவாக்கின் (சுடானின் செங்கடல் துறைமுகம்) கிளாஸ்ப் இருக்கலாம். தேதியில்லாத பதக்கத்தில் அலெக்ஸாண்ட்ரியாவோ டெல்-எல்-கெபிரோ இருக்கவே கூடாது. இருந்தால் யாரோ பின்னால் சேர்த்தது.

எல்-டெப் சண்டை 1884 பிப்ரவரி 29, தமாய் மார்ச் 13. இரண்டிலும் இருந்தவனுக்கு இரண்டு தனிக் கிளாஸ்ப் கொடுக்கவில்லை, இரு பெயரும் சேர்ந்த ஒரே கிளாஸ்ப்தான். தனித்தனியாக இரண்டும் ஒரே பதக்கத்தில் தொங்கினால் தப்பு. அபு க்ளீ, கிர்பெகான் கிளாஸ்ப் இரண்டும் "நைல் 1884-85" இல்லாமல் வராது. டோஃப்ரெக் "சுவாக்கின் 1885" இல்லாமல் வராது.

நட்சத்திரத்துக்கும் இதே கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரே நட்சத்திரம், முதலில் தகுதி பெற்ற காலத்தின் தேதியோடு. 1882 பதக்கத்துக்குப் பக்கத்தில் 1884 நட்சத்திரம் இருந்தால், இரண்டில் ஒன்று வேறொருவனுடையது. அது பெயரில்லாமல் வழங்கப்பட்ட வெண்கல நட்சத்திரம், பர்மிங்ஹாமில் ஹென்றி ஜென்கின்ஸ் கம்பெனி செய்தது. பெயரில்லாததால் காணாமல்போன நட்சத்திரத்துக்குப் பதில் இன்னொன்றை மாட்டிவிடுவது சர்வசாதாரணம். விலையில் அதற்குப் பெரிய எடை கொடுக்காதீர்கள்.

கிளாஸ்ப் ரிவெட்டையும் பாருங்கள். சஸ்பென்டரோடு சேரும் இரண்டு பக்கமும் ரிவெட் தலை ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு, அல்லது வெறும் கம்பியைச் செருகி வளைத்தது என்றால் ரோலைப் பார்க்காமல் நம்பாதீர்கள். பழுதான கிளாஸ்பை அந்தக் காலத்திலேயே சரிசெய்ததும் உண்டு, அதனால் ரிவெட்டை மட்டும் வைத்து தீர்ப்பு எழுத முடியாது.

கோணமலைக்காரன்:
1884 ஆக்களைப் பற்றிக் கொஞ்சம். எல்-டெப், தமாய் சண்டைக்கு இறங்கின கடற்படைப் பிரிவு யூரியாலஸ், காரிஸ்ஃபோர்ட், ஹெக்லா, டிரையட், ஸ்ஃபிங்ஸ், பிரிட்டன் எண்ட கப்பல்களில இருந்து போனது. யூரியாலஸ் கிழக்கிந்திய ஸ்டேஷனின்ர கொடிக்கப்பல். அட்மிரல் ஹெவெட் அந்த ஸ்டேஷனின்ர தளபதி. அந்த ஸ்டேஷனுக்குத் திருகோணமலைதான் முக்கிய துறைமுகம், கடற்படை ஆஸ்பத்திரியும் இஞ்சதான் இருந்தது. அதனால சுவாக்கின் கிளாஸ்ப் உள்ள ஒரு நோயறை ஆளின்ர சேவைப் பக்கத்தில திருகோணமலை எண்டு வந்தால் ஆச்சரியப்படாதேங்கோ. செங்கடலும் எங்கட துறைமுகமும் அப்ப ஒரே தளபதிக்குக் கீழ.

எல்-டெப்பில ஹெக்லாவின்ர கப்டன் வில்சனுக்கு விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின்ர உயர்ந்த வீர விருது) கிடைச்சது. தமாயில படை சதுரமா அணிவகுத்து நிண்டது, அந்தச் சதுரம் உடைஞ்சு கடற்படைக்காரர் மெஷின் துவக்குகளைக் கொஞ்ச நேரம் விட்டிட்டுப் பின்வாங்க வேண்டி வந்தது. காயக்காரரைப் பார்க்கப் போன ஆக்களும் அந்தச் சதுரத்துக்குள்ளதான் நிண்டிருப்பினம். மருத்துவ ஆள் எண்டால் பின்னால பத்திரமா இருந்தவன் எண்டு நினைக்கிறது பிழை.

பழையவெள்ளி:
அலெக்ஸாண்ட்ரியாவிலும் அப்படித்தானா? கப்பலுக்குள்ளே என்ன வேலை?

விளிம்பெழுத்து:
காலை ஏழு மணி வாக்கில் சுட ஆரம்பித்து மாலை ஐந்தரை வரை. நோயறை சாதாரண நாளில் மேல்தளத்துக்கு அடுத்து, காற்று வரும் முன்பக்கம் இருக்கும். சண்டைக்குத் தயாராகும்போது படுத்திருப்பவர்களையும் கருவிப் பெட்டியையும் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். கட்டு, தண்ணீர், மணல், விளக்கு எல்லாம் கீழே. ஜூலை மாதம், ஓடும் கொதிகலன்களோடு, காற்றே வராத அறை. பிரிட்டிஷ் பக்கம் செத்தவர் ஐந்தாறு பேர், காயம் முப்பதுக்குள். ஒரு முழுநாள் குண்டுவீச்சுக்கு அது மிகக் குறைவு. ஆகவே "அன்று நூற்றுக்கணக்கான காயக்காரர்களுக்கு மருத்துவம் செய்தவர்" என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். கரையில் செத்த எகிப்தியர்கள்தான் அதிகம், அவர்களுக்கு இந்தக் கப்பல்களின் நோயறையில் இடமிருக்கவில்லை.

செம்பட்டைநாடா:
பதவி உயர்வு பற்றி யாரும் சொல்லவில்லையே. எகிப்து பதக்கத்தில் அட்டெண்டன்ட், நீண்ட சேவைப் பதக்கத்தில் ஸ்டூவர்ட். இது முரண்பாடு இல்லை, இப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதக்கத்திலும் அதற்குத் தகுதி பெற்ற நேரத்துப் பதவியே வரும். இரண்டிலும் ஸ்டூவர்ட் என்றே இருந்தால்தான் நான் மறுபடி அளந்து பார்ப்பேன்.

இவனுடைய வாழ்க்கையின் நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதற்கு முன்பு நோயறை ஆளுக்கென்று முறையான பயிற்சி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. லாப்லாலி பாய் என்று கூப்பிட்ட காலத்தின் தொடர்ச்சிதான். கரை ஆஸ்பத்திரிகளில் ஓய்வூதியம் வாங்கிய பழைய மாலுமிகள் செவிலி வேலை பார்த்தார்கள். அட்மிரல் ஹாஸ்கின்ஸ் தலைமையிலான குழு இதை ஆராய்ந்த பிறகு, 1884-இல் நோயறைப் பணியாளர் என்று தனிப் பிரிவு ஒழுங்காக அமைந்தது. காஸ்போர்ட்டில் இருந்த ஹாஸ்லர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பயிற்சி பெற்ற செவிலிச் சகோதரிகளும் அதே சமயம் உள்ளே வந்தார்கள். 1882-இல் அட்டெண்டன்டாக இருந்து 1890-களில் ஸ்டூவர்டானவன் இந்த இரண்டு உலகத்தையும் பார்த்தவன். அவனுடைய சேவைப் பக்கத்தில் 1884-க்குப் பிறகு ஹாஸ்லர், பிளிமத், சாத்தம் என்று கரை ஆஸ்பத்திரி மாறி மாறி வருகிறதா பாருங்கள். நீண்ட சேவைப் பதக்கத்தின் விளிம்பில் கப்பலுக்குப் பதில் ஆஸ்பத்திரி பெயர் வருவதும் இதனால்தான். அதை யாரும் போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

நீண்ட சேவைக்கு வருடக் கணக்கு: 1831-இல் தொடங்கியபோது 21 வருடம். 1874-இல் 10 ஆனது, பிறகு 15. அகலச் சஸ்பென்டர் என்றால் 38 மில்லிமீட்டர் நாடா, பழைய வகை. குறுகியது 32. குறுகியதில் முதலில் வந்தவை செதுக்கிய எழுத்து, பிறகு அச்சுக் குத்தியது. 1870-களின் நடுவில் சேர்ந்து 15 வருடம் முடித்தவனுக்கு அகலச் சஸ்பென்டர் தொங்கினால் பொருந்தாது. நன்னடத்தைப் பட்டை 3, 8, 13 வருடத்தில். சேவைப் பக்கத்தில் பட்டை பறிபோய்த் திரும்பக் கிடைத்திருந்தால், நீண்ட சேவைப் பதக்கமும் அதற்கேற்பத் தள்ளிப்போயிருக்கும்.

நீலவெள்ளை:
தொகுதி உண்மையிலேயே ஒன்றாக இருந்ததா என்பதற்குக் காகிதத்தில் இல்லாத ஒரு சான்று உண்டு. கெடீவ் நட்சத்திரத்துக்கு ஐந்து கூர்முனை. அதை மாட்டிக்கொண்டு நடந்தால் பக்கத்துப் பதக்கத்தை அது கொத்திக்கொண்டே இருக்கும். எகிப்து பதக்கத்தில் ராணியின் கன்னத்திலும் முகத்திரையிலும் அம்மைத் தழும்பு மாதிரிப் பொட்டுப்பொட்டாகக் குழிகள் இருப்பது அதனால்தான். எந்தப் பக்கம் குழி அதிகமோ அந்தப் பக்கம்தான் நட்சத்திரம் தொங்கியது.

ரோல்பார்ப்பவன்:
அதற்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். நட்சத்திரம் வெளிநாட்டு விருது. ஒழுங்குப்படி பிரிட்டிஷ் பதக்கங்கள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் அது வர வேண்டும். அப்படி மாட்டியவனுக்குக் குழி நீண்ட சேவைப் பதக்கத்தில்தான் விழும், எகிப்து பதக்கத்தில் அல்ல.

நீலவெள்ளை:
ஒழுங்கு அப்படி. ஆட்கள் அப்படியா மாட்டினார்கள்? எகிப்து பதக்கத்தையும் நட்சத்திரத்தையும் ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிய பழைய தொகுதிகள் எத்தனையோ. அதோடு, நீண்ட சேவைப் பதக்கம் கிடைக்கும்வரை அவன் கையில் இருந்தது அந்த இரண்டு மட்டும்தான். எட்டொன்பது வருடம் அவை ஒன்றையொன்று இடித்திருக்கும்.

செம்பட்டைநாடா:
இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்தே வரலாம்: எகிப்து பதக்கத்தில் ஆழமான பழைய குழி, நீண்ட சேவைப் பதக்கத்தில் லேசான குழி. ஆனால் எகிப்து பதக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகவும், நட்சத்திரம் முனை தேய்ந்து பழசாகவும் இருந்தால், இந்த இரண்டும் ஒரே சட்டையில் தொங்கியதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கப்பலில் கிடைத்த உடனே பெட்டியில் போட்டுப் பூட்டியவனும் இருந்திருப்பான், ஆனால் அவனுடைய நட்சத்திரமும் புதுசாகவே இருக்க வேண்டுமே.

பழையவெள்ளி:
எகிப்தைத் தவிர வேறு எந்தப் போர்ப் பதக்கத்தில் நோயறை ஆட்களைத் தேடலாம்?

ரோல்பார்ப்பவன்:
பழையதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பால்டிக் பதக்கம் பெயரில்லாமல் வந்தது. இரண்டாம் சீனப் போர்ப் பதக்கம் கடற்படைக்குப் பெயரில்லாமல். கிரிமியாவும் கடற்படைக்குப் பெரும்பாலும் அப்படியே. பெயர் இருந்தால் சொந்தச் செலவில் செதுக்கியதாக இருக்கலாம்.

பின்னால் வந்தவற்றில் மூன்று இடம் நல்லது. 1897 பெனின் (மேற்கு ஆப்பிரிக்கா): செயின்ட் ஜார்ஜ், தீசியஸ், ஃபீபி, ஃபிலோமெல் முதலிய கப்பல்கள். அங்கே தோட்டாவைவிட மலேரியாதான் ஆட்களைச் சாய்த்தது, மலாக்கா என்ற பயணிக் கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றி அனுப்பினார்கள். நோயறை ஆளுக்கு உண்மையான வேலை அங்கேதான். அடுத்தது தென்னாப்பிரிக்கா, போயர் போர்: லேடிஸ்மித் முற்றுகைக்குள் பவர்ஃபுல் கப்பலின் ஆட்கள், 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை. குடல் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அங்கே கோரம். முற்றுகைக்குள் இருந்தவனுக்கு "டிஃபென்ஸ் ஆஃப் லேடிஸ்மித்", மீட்கப் போனவனுக்கு "ரிலீஃப் ஆஃப் லேடிஸ்மித்". ஒரே மார்பில் இரண்டும் வராது.

மூன்றாவது 1900 சீனா, பாக்ஸர் கிளர்ச்சி. ஜூன் 10-ஆம் தேதி ரயிலில் கிளம்பிய அட்மிரல் சீமோரின் படை பீக்கிங் போய்ச் சேராமலே திரும்பியது. இருநூறுக்கு மேற்பட்ட காயக்காரர்களைப் படகுகளில் ஏற்றி, பெய்ஹோ ஆற்றோரமாகச் சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்கி, சிகூ ஆயுதக் கிடங்கைப் பிடித்து அதற்குள் அடைந்து கிடந்து, 26-ஆம் தேதிதான் டியன்ட்சின் வந்தார்கள். அந்தப் பதினாறு நாளில் செஞ்சூரியன், எண்டிமியன், அரோரா கப்பல்களின் நோயறை ஆள் யாராவது கூடப் போயிருந்தால், அவனுடைய "ரிலீஃப் ஆஃப் பீக்கின்" கிளாஸ்ப் அலெக்ஸாண்ட்ரியா கிளாஸ்பைவிட எனக்குப் பெரிது. கிளாஸ்ப் இல்லாத சீனப் பதக்கங்கள் ஏராளம், அவை கப்பலிலேயே இருந்தவர்களுடையவை.

பதக்கமே இல்லாத சண்டையும் உண்டு. 1898 செப்டம்பர் 6, கிரீட் தீவின் கேண்டியா. ஹசார்ட் கப்பலின் சர்ஜன் மெய்லார்ட் காயக்காரனைத் தூக்க ஓடி விக்டோரியா கிராஸ் வாங்கினார், கடற்படை மருத்துவர்களில் அவர் ஒருவருக்குத்தான் அது. ஆனால் கிரீட்டுக்கென்று போர்ப் பதக்கம் வெளியிடவே இல்லை. அங்கே இருந்த அட்டெண்டன்டுக்கு விளிம்பில் ஒன்றும் மிஞ்சவில்லை, சேவைப் பக்கத்தில் கப்பல் பெயர் மட்டும்.

கோணமலைக்காரன்:
வாங்கினாப் பிறகு எப்பிடி வைக்கிறது? இஞ்ச கடல்காத்துக்கு வெள்ளி ஒரு மாதத்திலயே கறுக்குது.

நீலவெள்ளை:
அண்ணா, கறுத்தால் கறுக்கட்டும். வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல விபூதி, புளி, பல்பொடி எதையும் போடாதீர்கள். முதலில் போவது உயரமான இடங்கள்: ராணியின் முகத்திரை மடிப்பு, ஸ்பிங்க்ஸின் முகம், பிறகு விளிம்பெழுத்தின் ஓரம். ஓரம் மழுங்கிய எழுத்தை எவரும் அராவியது என்றே சந்தேகப்படுவார்கள், நல்ல பதக்கமே கெட்ட பெயர் வாங்கும். வெள்ளியை முக்கியெடுக்கும் திரவமும் வேண்டாம். எழுத்துக்குள் இருக்கும் பழைய அழுக்கை அது கரைத்துவிடும், மேலே சொன்ன சான்று போய்விடும்.

பி.வி.சி. உறை கூடவே கூடாது. வெப்பத்தில் அதிலிருந்து கசிவது வெண்கல நட்சத்திரத்தில் பச்சைக் களிம்பாகப் படியும். பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத காகிதம், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். நட்சத்திரத்தைத் தனி உறையில் வையுங்கள், டப்பாவுக்குள்ளேயும் அது கொத்தும்.

பழையவெள்ளி:
நாடா கிழிந்திருந்தால் மாற்றலாமா?

செம்பட்டைநாடா:
எகிப்து நாடா மூன்று நீலம், இரண்டு வெள்ளை. நட்சத்திரத்துக்குக் கருநீலம். நீண்ட சேவைக்கு நீலம், ஓரங்களில் வெள்ளை. மூன்றும் புதிதாகவே கிடைக்கும். மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் புது நாடாவில் மாட்டுங்கள், ஆனால் பழைய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றையும் சேர்த்துத் தைத்த பழைய பட்டையாக இருந்தால் தையலைப் பிரிக்கவே வேண்டாம். மேலே நடந்த வரிசைச் சண்டைக்கு, நட்சத்திரம் எங்கே தொங்கியது என்பதற்கு, அந்தத் தையல்தான் குழியைவிட நேரடியான சாட்சி. கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய பட்டுத்துணி கொடுத்து ஓரத்தில் நாலு தையல் போட்டால் போதும், பசை தொடாதீர்கள்.

விளிம்பெழுத்து:
இதையெல்லாம் வைத்து நம் எடுத்துக்காட்டுத் தொகுதிக்கு என் வரிசை: 188 பக்கத்தை இணையத்தில் இறக்குவது, 1882 ஜூலை 11-க்கான வரியில் கப்பலும் பதவியும், பிறகு 171-இல் அதே கப்பல். அதற்கப்புறம்தான் காலிப்பர். விற்பவர் விளிம்பின் படத்தை முழுச் சுற்றுக்கும் அனுப்ப மறுத்தால், பதவி இருக்கும் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதையும் மறுத்தால் 188 பக்கத்தைக்கூடத் தேட வேண்டியதில்லை.